இரண்டு ஸ்பிரிங்

ஜனவரி 11, ஞாயிறு

இன்று கார்புரேட்டர் ஜன்னல் வழியாகப் போனது. அப்பா எறிந்தார். உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக அட்டையை வைத்து ஒட்டினேன். பிறகு வெளியே போய் முழங்கால் ஆழப் பனிக்குள் தேடி அதை எடுத்துத் துடைத்து வைத்தேன். ஒரு கீறல்கூட இல்லை. அந்தக் காலத்துச் சாமான்.

காரணம் சின்னது. டெரில் அண்ணன் ஒரு நட்டைப் பிடிக்கப் பார்த்தான், விழுந்தது. எடுத்தான், மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை அது உருண்டு வண்டிக்கு அடியில் போனபோது அண்ணன் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அப்பாவால் தாங்க முடியவில்லை.

அண்ணனின் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். செப்டம்பர் கடைசிப் பந்தயத்தில், மூன்றாவது வளைவில், எட்டாம் நம்பர் வண்டி பின்னாலிருந்து இடித்தது. எங்கள் அறுபத்தொன்றாம் நம்பர் வண்டி நான்கு முறை உருண்டது. அண்ணன் கை ஜன்னலுக்கு வெளியே வந்து கூரைக்கு அடியில் போய்விட்டது. எங்கள் பழைய கார் பந்தயக் கிளப்பில் எல்லாம் அறுபது எழுபது வயது வண்டிகள். உரசுவதே தப்பு. இடிப்பது என்பது யாரும் செய்யாத காரியம்.

எட்டாம் நம்பர் ஹார்லன் போயருடையது. வீட்டில் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "அவன்" என்றால் போதும்.

அக்டோபரில் நான் பள்ளியை விட்டேன். ஷெட்டில் வெல்டிங்குக்கு ஒரு கை குறைந்ததால் விட்டேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது பாதிதான் உண்மை. வகுப்பில் யாராவது என் பெயரைக் கூப்பிட்டாலே எனக்கு வார்த்தை வராது. வெல்டிங் முகமூடிக்குள் யாரும் கூப்பிடுவதில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

தீயணைப்பு நிலையக் கூடத்தில் கிளப் கூட்டம். சீசனுக்கு முன் முதல் கூட்டம் என்பதால் வழக்கம்போல எல்லோரும் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்திருந்தார்கள். நான் முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி சுற்றி எடுத்துப் போனேன். யாரும் தொடவில்லை. தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவர் வந்தார். ஹார்லன் போயர். கோட்டுப் பையிலிருந்து அறுந்த ஸ்பிரிங் ஒன்றை எடுத்து அப்பா முன்னால் மேசையில் வைத்தார்.

"மைலோ, ஆக்ஸிலேட்டர் மாட்டிக்கிச்சுய்யா. நான் காலை எடுத்துட்டேன், வண்டி கேக்கல. இந்த ஸ்பிரிங்குதான் அறுந்துச்சு."

"ரெண்டு ஸ்பிரிங்கு எதுக்குடா போடுறோம்? ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு இழுக்கும்ல?"

"எங்கிட்ட ஒண்ணுதான் இருந்துச்சு. என் தப்புதான். இல்லங்கல. யாரும் பாக்கல, நானும் சொல்லல."

பெர்னிஸ் ஆண்டிதான் கிளப் தலைவி. கண்ணாடியை மூக்கில் இறக்கிப் போன வருடத் தாளைத் தேடி எடுத்தார். "எட்டாம் நம்பர். ஆக்ஸிலேட்டர் ஸ்பிரிங், ரெண்டு. டிக் போட்டிருக்கு. கையெழுத்து, மைலோ யூரிக்."

அப்பா எழுந்தார். "கையெழுத்து என்னுது. பாத்தது எம்பொண்ணு. அவ வாயத் தொறக்க மாட்டா, ஆனா தப்பா ஒரு டிக்கு போட மாட்டா. லோர்னா! ரெண்டு இருந்துச்சா, இல்லியா?"

முப்பது பேர் திரும்பினார்கள்.

நான் ஆமென்று தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு அப்பாவின் முஷ்டி ஹார்லன் போயர் வாயில் இறங்கியது. ஒரு பல் மேசை மேல் விழுந்து உருண்டு உருளைக்கிழங்கு சாலட் பக்கத்தில் நின்றது. ஹார்லனின் மைத்துனன் கர்ட் ஒரு மடக்கு நாற்காலியை எடுத்து அப்பா முதுகில் இரண்டு முறை வீசினான். அண்ணன் இடது கையால் கர்ட்டின் கழுத்தைப் பிடித்தான். பெண்கள் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் ஓடினார்கள். கடைசியில் பெர்னிஸ் ஆண்டி தீயணைப்புச் சைரனை அழுத்திவிட்டார். ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். காதைப் பொத்த எல்லோருக்கும் இரண்டு கையும் வேண்டியிருந்தது. சண்டை நின்றது.

"ரெண்டு பேரையும் கிளப்ப விட்டு அனுப்பினா நடுரோட்டுல அடிச்சிக்கிட்டுச் சாவீங்க" என்றார் ஆண்டி. "பழைய வழக்கம் இருக்கு. இடிச்சவன் வண்டிய இடிபட்டவன் சோதிக்கணும். இடிபட்டவன் வண்டிய இடிச்சவன் சோதிக்கணும். ஏப்ரல் இருபத்தஞ்சு. கையெழுத்துப் போட்டப்புறம் பகை பேசக் கூடாது."

அப்பா ரத்தம் துப்பிவிட்டுச் சொன்னார்: "சரி. அவன் வரட்டும். டிராக்குக்கு வரட்டும்."

ஜனவரி 26

எழுதிவிடுகிறேன். எழுதினால் யாருக்கும் கேட்காது.

போன ஏப்ரல் சோதனை நாள். ஒவ்வொரு வண்டியையும் இன்னொரு வண்டிக்காரர் பார்த்துத் தாளில் டிக் போட வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் எங்களுக்கு எட்டாம் நம்பர் விழுந்தது. அப்போது அப்பாவும் அவரும் சிநேகிதர்கள். ஆளுக்கொரு பீரை உடைத்துக்கொண்டு நின்றார்கள். அப்பா தாள் வைத்த பலகையை என்னிடம் கொடுத்து, "போ, பானெட்டத் தொறக்கச் சொல்லி ஸ்பிரிங்கு ரெண்டும் இருக்கானு பாரு" என்றார்.

அந்த பானெட்டைச் சுற்றி ஆறு ஆண்கள் சாய்ந்துகொண்டு மான் வேட்டைக் கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கர்ட் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். "கொஞ்சம் எந்திரிங்க." இரண்டே வார்த்தை. வரவில்லை. டயர், பெல்ட், பிரேக் எல்லாம் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். ஸ்பிரிங் என்ற இடத்தில் பேனா நின்றது. அப்புறம் டிக் போட்டது. அப்பா படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வார்த்தைக்கு மூன்று விரல்.

நேற்று அதே பொய்க்குத் தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன்? அப்பா "எம்பொண்ணு" என்று சொல்லி அதுவரை நான் கேட்டதே இல்லை. அதனாலா? தெரியல. தெரியல.

பிப்ரவரி 7, சனி

அப்பா சொல்லிவிட்டார், மறைக்காமல். அறுபத்தொன்றை இந்த சீசன் அவரே ஓட்டப் போகிறார். முன் பம்பர் பைப்புக்குள் ஈயம் ஊற்றப் போகிறோம். வெளியே பார்த்தால் பழைய பைப். உள்ளே நாற்பது கிலோ.

"எதுக்குப்பா?" என்றேன்.

"எட்டுக்கு."

சக்கரங்களில் எடை சமன் செய்ய ஒட்டும் ஈயத் துண்டுகளை வாளி வாளியாக வாங்கி வந்திருக்கிறார். அடுப்பில் உருக்குவது நான். பைப்பின் முனையை மூடி வெல்டு வைப்பதும் நான். பைப்புக்குள் எங்கோ ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்திருக்கிறது. ஊற்றியதும் வெடித்துத் தெறித்தது. கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே.

நான் கத்தவில்லை. அண்ணன்தான் கத்தினான்.

பிப்ரவரி 8

மணிக்கட்டில் கொப்புளம் ஏழு.

மார்ச் 3

தீவனக் கடை வாசலில் கர்ட்டின் டிரக் நின்றது. அப்பா இரும்புக் கம்பியோடு இறங்கி அதன் விளக்குகளை ஒவ்வொன்றாக உடைத்தார். அவசரமே இல்லை. முட்டை உடைப்பது போல. கர்ட் தோளில் தீவன மூட்டையோடு வெளியே வந்து பார்த்தான்.

"நாலு விளக்குதான் இருக்கு மைலோ. அஞ்சாவது வேணும்னா வீட்டுக்கு வா, அக்கா சமையக்கட்டுல ஒண்ணு இருக்கு."

அப்பா சிரிக்கக்கூட இல்லை. மூட்டையில் ஒரு குத்து விட்டார். மக்காச்சோளம் கர்ட்டின் காலெல்லாம் கொட்டியது. பிறகு இருவரும் அந்தச் சோளத்தின் மேல் வழுக்கி வழுக்கி அடித்துக்கொண்டார்கள். கர்ட்டின் புருவம் கிழிந்தது. அப்பாவின் விரல் ஒன்று பின்பக்கமாக மடங்கியது. நான் வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் வந்து என் ஜன்னலைத் தட்டி, "உங்கப்பாவக் கூப்பிடும்மா" என்றார்.

கூப்பிட வாய் வரவில்லை.

மார்ச் 14, சனி

பனி உருகிவிட்டது. அப்பா அறுபத்தொன்றை வெளியே எடுத்தார். ஷெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய குளிர்பெட்டி கிடந்தது. அதை நடு வயலில் நிறுத்தச் சொன்னார். நானும் அண்ணனும் நிறுத்தினோம். வேலி ஓரத்திலிருந்து வந்து இடித்தார்.

அது நசுங்கவில்லை. இரண்டாக மடிந்தது. கதவு பறந்து ஆப்பிள் மரத்தில் போய் மோதியது. பம்பரில் வெள்ளைப் பெயின்ட் கோடு ஒன்று மட்டும்.

அப்பா இறங்கி அதைத் துணியால் துடைத்தார். "அவன் கதவு இதவிட மெல்லிசு" என்றார். "மூணாவது வளைவு. அதே எடம். மொத நாளே."

அண்ணன் கண்ணில் ஒரு வெளிச்சம். என் அண்ணன் முகத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

அந்தக் குளிர்பெட்டிக்குள் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல எனக்கு இன்னும் தெரிகிறது. வழுக்கைத் தலை, முன்பல் ஒன்று இல்லை. ஏதோ சொல்ல வருகிறார்.

மார்ச் 22

இரண்டு வரி எழுதி அப்பாவின் சாப்பாட்டு டப்பாவில் வைத்தேன். அவர் திறப்பதற்குள் ஓடிப்போய் எடுத்து அடுப்பில் போட்டேன்.

சொன்னால் என்னை என்ன செய்வார் என்று தெரியும். சொல்லாவிட்டால் ஹார்லன் போயரை என்ன செய்வார் என்றும் தெரியும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்றுதான். அடிகூடப் பரவாயில்லை.

ஏப்ரல் 11, சனி

சீசனுக்கு முன் எல்லோரும் சேர்ந்து டிராக்கைச் சரிசெய்யும் நாள். அப்பா வரவில்லை, என்னை அனுப்பினார். பெர்னிஸ் ஆண்டி ஒரு வாளி வெள்ளைப் பெயின்ட் கொடுத்து மூன்றாவது வளைவுச் சுவருக்குப் போகச் சொன்னார். வேண்டுமென்றே அனுப்பினாரா தெரியவில்லை. எங்கள் வண்டியின் நீலம் சுவரில் இன்னும் அப்படியே இருந்தது, நான்கு இடத்தில். கடைசி இடத்தில் நீலம் மட்டும் இல்லை. காய்ந்த பழுப்பும் இருந்தது.

சுவரின் அந்த முனையிலிருந்து ஹார்லன் போயர் பூசிக்கொண்டு வந்தார். நான் இந்த முனையிலிருந்து. நடுவில் சந்திக்க வேண்டியதாகிவிட்டது.

"அண்ணன் கை எப்படிம்மா இருக்கு?"

நான் தூரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ அன்னைக்குத் தலையாட்டின பாரு... எனக்குத் தெரியும்மா. ஒண்ணுதான்னு எனக்குத் தெரியாதா? உன் எடத்துல நான் இருந்தாலும் ஆட்டியிருப்பேன். ஸ்பிரிங்கு வெல ரெண்டு டாலரு. அத வாங்காத கழுதை நானு. உன்ன என்னத்தச் சொல்ல?"

பழுப்பு இருந்த இடத்தை அவரே பூசினார். இரண்டு கோட்டு.

ஏப்ரல் 25, சனி, சோதனை நாள்
(28ஆம் தேதி எழுதுகிறேன். அன்றைக்கு எழுத முடியவில்லை.)

இருபத்து மூன்று வண்டிகள் வரிசையாக நின்றன. வழக்கப்படி எட்டும் அறுபத்தொன்றும் நேருக்கு நேர், மூக்கோடு மூக்கு.

அப்பா எட்டாம் நம்பரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். எதையும் தொடவில்லை. எல்லாவற்றுக்கும் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டார். அது எப்படியாவது டிராக்குக்கு வர வேண்டும், அவருக்கு அவ்வளவுதான்.

பிறகு ஹார்லன் போயர் எங்கள் வண்டியைப் பார்த்தார். பொறுமையாக. பெல்ட்டை இழுத்தார். ஸ்பிரிங் இரண்டையும் விரலால் சுண்டினார். முன்பக்கம் வந்து குந்தினார். பம்பர் பைப்பை விரல் முட்டியால் தட்டினார்.

வெற்றுப் பைப்பின் சத்தம் வரவில்லை. மரத்தைத் தட்டியது போல.

பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து மறுபடி தட்டினார். தப். தப்.

அப்படியே குந்தியிருந்தார். முதலில் அப்பாவைப் பார்த்தார், பிறகு அண்ணன் கையை, பிறகு என்னை.

"என்ன ஹார்லன்? எதாச்சும் தப்பா?" அப்பா கேட்டார். தேன் மாதிரி குரல்.

"இல்ல மைலோ. எல்லாம் சரியா இருக்கு."

டிக் போட்டார். கையெழுத்துப் போட்டார். பலகையை என்னிடம் நீட்டினார். அந்த டிக்கைப் பார்த்தேன். வால் நடுங்கி ஒரு பக்கம் இழுத்திருந்தது. எனக்கு அது தெரிந்த டிக். நான் போட்டது அப்படித்தான் இருந்தது.

தெரிந்தே சாகப் போகிறார். என் தலையாட்டலுக்கு.

"நான் பாக்கல."

யாருக்கும் கேட்கவில்லை. பெர்னிஸ் ஆண்டி மட்டும், "என்னம்மா?" என்றார்.

"நான் பாக்கல. போன வருசம். பானெட்டே தொறக்கல. கொஞ்சம் எந்திரிங்கன்னு சொல்ல பயமா இருந்துச்சு. டிக்கு போட்டுட்டேன். அவரு சொன்னது நெசம். நான் தலையாட்டினது பொய். அந்த பைப்புக்குள்ள ஈயம் இருக்கு, நாந்தான் ஊத்தினேன்."

என் வாழ்நாளில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை.

அப்பாவின் முதல் அடி உள்ளங்கை. காதில் விசில் சத்தம். இரண்டாவது முஷ்டி. தாடை உடைந்தது எனக்கு வெளியிலிருந்து கேட்கவில்லை, உள்ளேயிருந்து கேட்டது. மூன்றாவதற்கு நான் தரையில் இருந்தேன், அது பூட்ஸ். ஹார்லன் போயர் அப்பாவின் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். அப்பா அவர் கையிலிருந்த ஸ்பேனரையே பிடுங்கி அவர் தோளெலும்பில் இறக்கினார். கர்ட் வந்தான், இன்னும் ஐந்து பேர் வந்தார்கள். ஏழு பேர் சேர்ந்துதான் அப்பாவை மண்ணில் அழுத்த முடிந்தது. மண்ணில் கிடந்துகொண்டும் அவர் என் பெயரைக் கத்திக்கொண்டிருந்தார். அறுபத்தொன்றின் சக்கரத்துக்கு அருகே என் பல் இரண்டு கிடந்தன. அதற்குப் பக்கத்தில் அண்ணனின் பூட்ஸ்.

அது அசையவில்லை.

ஏப்ரல் 28

தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஆறு வாரம். பேச முடியாது. சிரிப்பு வருகிறது, ஆனால் அதற்கும் வழியில்லை.

ஷெரிஃப் வந்து ஒரு தாளும் பேனாவும் கொடுத்தார். யார் அடித்தது? விழுந்துவிட்டேன் என்று எழுதியிருக்கலாம். அப்பா அடித்தார் என்று எழுதினேன். இனி எந்தத் தாளிலும் பொய் எழுதுவதில்லை.

சாயங்காலம் அண்ணன் வந்தான். கட்டிலருகே நின்று வலது கையை என் முகத்துக்கு முன்னால் நீட்டினான்.

"பாரு. நல்லாப் பாரு. அன்னைக்குப் பாக்கலல்ல, இப்பவாச்சும் பாரு."

பார்த்தேன்.

"ரெண்டு வார்த்த, லோர்னா. ஒனக்கு ரெண்டு வார்த்த வரல. ஏழு மாசம் எங்கூட அதே மேசைல ஒக்காந்து சாப்புட்டிருக்க."

தண்ணீர் ஜாடியைச் சுவரில் அடித்து உடைத்துவிட்டுப் போனான். இடது கையால் எறிந்ததால் குறி தவறியது என்று நினைக்கிறேன். சுவரைக் குறி வைக்கவில்லை.

மே 1

பெர்னிஸ் ஆண்டி வீட்டில் இருக்கிறேன். குழாயில் சூப். அப்பாவை ஜாமீனில் விட்டுவிட்டார்கள். என் பக்கம் வரக் கூடாது, டிராக்குக்குள்ளும் வரக் கூடாது.

ஆண்டி ஒரு பலகையும் பேனாவும் கொண்டுவந்து மடியில் வைத்தார். "முதல் நாள் காலைல எல்லா வண்டியையும் மறுபடி சோதிக்கணும்னு கமிட்டி முடிவு. ஸ்பிரிங்கு பாக்குற வேலை ஒனக்கு."

நான் தலையை இடவலமாக ஆட்டினேன்.

"இடிச்சவன் இடிபட்டவன் வண்டியத்தான் பாக்கணும். வழக்கம். ஒனக்கும் அதேதான்டி."

மே 5

அண்ணன் வரவில்லை.

மே 9, சனி, முதல் பந்தயம்

காலை ஏழு மணிக்கே ஆரம்பித்தேன். வாய் திறக்க முடியாது. பலகையால் பானெட்டைத் தட்டினால் திறக்கிறார்கள். கர்ட் ஒரு பானெட்டில் சாய்ந்திருந்தான், நான் வருவதைப் பார்த்ததும் துள்ளி எழுந்து தொப்பியைக் கழற்றினான். "வாம்மா, வா. நானே எந்திரிச்சிட்டேன்."

ஹார்லன் போயரின் ஒரு கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. இந்த சீசன் எட்டை அவர் ஓட்டவில்லை, கர்ட்தான் ஓட்டுகிறான். பானெட் முன்னதாகவே திறந்திருந்தது. ஸ்பிரிங் மூன்று. நான் அவரைப் பார்த்தேன்.

"ரெண்டுதான் சட்டம், தெரியும்மா. இருக்கட்டும்."

மூன்றையும் இழுத்துப் பார்த்தேன். டிக்.

இருபத்தோராவது வண்டி. இருபத்திரண்டாவது. வரிசையின் கடைசி இடம் காலியாக இருந்தது. அதற்கு அப்பால், வேலிக்கு வெளியே, சாலையோரத்தில் அப்பாவின் டிரக். கண்ணாடி ஏற்றியிருந்தது. அவர் இறங்கவில்லை. பின்னால் கார் ஏற்றும் டிரெய்லர் காலியாக இருந்தது.

அப்போதுதான் சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த எஞ்சின். அறுபத்தொன்று மெதுவாக உள்ளே வந்து காலி இடத்தில் நின்றது. ஸ்டீயரிங்கில் ஒரு கைக்குமிழ் புதிதாக இருந்தது, கட்டைவிரலும் சுண்டுவிரலும் பிடிக்கிற அளவுக்கு. அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, என் முகத்தைப் பார்க்கவுமில்லை. இறங்கிப் பானெட்டைத் திறந்தான்.

"பாரு. ரெண்டும் இருக்கானு பாரு."

பார்த்தேன். இரண்டும் இருந்தன. ஒவ்வொன்றாக இழுத்து விட்டேன். இரண்டும் திரும்பின.

டிக் போடும் முன் நடந்து முன்பக்கம் போய்க் குந்தினேன். பைப்பின் முனையில் நான் வைத்த வெல்டு இல்லை. வெட்டித் திறந்து மறுபடி மூடியிருந்தார்கள். கட்டிகட்டியாக, வரிசை தவறி, முதல் வகுப்புப் பிள்ளை எழுதின கையெழுத்து மாதிரி ஒரு வெல்டு. இடது கையால் வைத்தது.

விரல் முட்டியால் தட்டினேன்.

மணி மாதிரி கேட்டது. வேலி வரைக்கும் கேட்டிருக்கும்.

டிக்.